சமாரியனுக்கு அடுத்த பாடம்

நோயாலோ காயத்தாலோ முடங்கியவர்களை அன்றாடச் செயல்களைத் தாமே செய்யப் பழக்கும் சிகிச்சையான ஆக்குபேஷனல் தெரபியை, கிறிஸ்தவக் கல்வி நிறுவனத்தில் படிக்க வரும் மாணவர்கள் பலர், நல்ல சமாரியன் உவமையைக் கேட்டு வளர்ந்தவர்கள். காயப்பட்டவனைத் தூக்கிச் சுமப்பதே சேவை என்பது அவர்களுக்குள் ஊறிய எண்ணம். நோயாளி தாமே செய்யக்கூடியதை நாம் செய்து கொடுப்பது இத்தொழிலில் சிகிச்சைக்கே எதிரானது என்பதால், பயிற்றுநராக நான் அதிகம் போராடியது சோம்பேறிகளோடு அல்ல, இரக்கம் மிகுந்தவர்களோடுதான்.

பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவருக்குச் சட்டை அணியப் பழக்கும்போது இது வெளிப்படும். பாதிக்கப்பட்ட கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும் என்பதை மாணவர் ஒரே வகுப்பில் மனப்பாடம் செய்துவிடுவார். நோயாளி சட்டையை மடியில் விரித்து, காலர் எந்தப் பக்கம் என்று தடுமாறும் நிமிடங்களில் சும்மா இருப்பதுதான் மாணவரால் முடியாது. பொத்தானை அவரே போட்டுவிடுவார். நோயாளியும் நன்றி சொல்வார். அன்றைய பயிற்சி அத்தோடு வீண்.

அதனால் வகுப்பில் பர்திமேயுவைப் பற்றிப் பேசுவேன். பைபிளில் மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில், அவன் பார்வையற்றவன் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க, தான் அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று இயேசு அவனிடமே கேட்கிறார். எங்கள் மதிப்பீடும் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. கேட்டால், சட்டையைவிடத் தொழுகையில் மண்டியிட்டு எழுவதே முக்கியம் என்று ஒருவர் சொல்லக்கூடும். அப்போது முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, எடை எந்தப் பக்கம் சாய்கிறது, எழும்போது எதைப் பிடிப்பார் என்று அந்தச் செயலை மாணவர் படிப்படியாகப் பகுத்துப் பார்க்க வேண்டும். பிற மதத்தவரின் வழிபாட்டுக்கு இத்தனை அக்கறையோடு உழைப்பது தம் விசுவாசத்துக்கு இசைவானதா என்று சிலர் கேட்பதுண்டு. அந்த விவாதத்தை நான் விரும்பி வளர்ப்பேன். 1796இல் இங்கிலாந்தின் யார்க் நகரில், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த வில்லியம் டியூக் தொடங்கிய மனநலக் காப்பகம், நோயாளிகளைச் சங்கிலியில் பிணைக்காமல் தோட்டவேலை, தையல் போன்ற பணிகளில் ஈடுபடுத்தியது; இத்தொழிலின் முன்னோடிகளில் ஒன்றான அங்கே நம்பிக்கை வெளிப்பட்டது நோயாளியை நடத்திய விதத்தில்தான்.

ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் உலகக் கூட்டமைப்பின் குறைந்தபட்சத் தரநிலை கோரும் 1000 மணி நேரக் களப்பயிற்சியில், நோயாளி கேட்காமல் அவருக்காகச் சத்தமாக ஜெபிக்கக் கூடாது என்பது என் விதி. எழுந்து உட்காரவே நம் கையை எதிர்பார்த்திருப்பவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சக ஆசிரியர்களில் சிலருக்கு இது கடுமையாகப் படுகிறது. ஆனாலும் விதியைத் தளர்த்த எனக்கு மனமில்லை.