ஒரு மாணவியைப் பயிற்சிக்கு எடுக்கப் பதினெட்டு மாதங்கள்

சாவகச்சேரிக்கு அருகில் பனங்களிப் பாணி, நெல்லி ரசம், மாம்பழ ஜாம் செய்யும் சிறிய தொழிலகம் எங்களுடையது. பல்கலைக்கழகத்தில் உணவு விஞ்ஞானம் படிக்கும் இறுதியாண்டு மாணவர் ஒருவரைப் பயிற்சிக்கு எடுக்க விரும்பி நான் முதற்கடிதம் எழுதியது ஒரு மாசி மாதத்தில். மாணவி எங்கள் வாசலுக்கு வந்ததோ அடுத்த ஆண்டு ஆவணியில். இதே எண்ணத்தோடு இருக்கும் சிறு முதலாளிகளுக்குச் சில அலைச்சல்களாவது குறையட்டும் என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன்.

முன்னர் அரசின் தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டா ஊடாக, தேசிய தொழிற் தகைமை 4 ஆம் மட்டத்துக்குப் பயிலும் பிள்ளைகள் இருவரை எடுத்திருந்தோம். ஒரு படிவத்தோடும் ஓர் ஒப்பந்தத்தோடும் அந்த அலுவல் முடிந்திருந்ததால், இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிட்டேன். "பொதியிடவும் லேபல் ஒட்டவும் உதவியாளர் ஒருவர் தேவை" என்று எழுதி அனுப்பினேன். துறைத் தலைவர் தொலைபேசியில், "நீங்கள் கேட்பது மாணவரையா, வேலையாளையா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அன்று அது சுட்டது. நான்கு வருடச் சிறப்புப் பட்டம் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 6 ஆம் மட்டத்தில் வருகிறது என்பதையும், பயிற்சிக்குப் புள்ளி உண்டு என்பதால் மாணவர் தீர்க்கவேண்டிய சிக்கல் ஒன்று அதில் இருந்தாகவேண்டும் என்பதையும் அவர் பொறுமையாக விளக்கினார். ஜாம் ஒவ்வொரு பானையிலும் ஒவ்வொரு பதமாக இறங்குவது, பனங்களியின் கசப்பு, நெல்லி ரசம் நிறம் மாறுவது என்று மூன்று சிக்கல்களை எழுதி அனுப்பியதும் ஒரு கிழமையில் துறையின் சம்மதம் கிடைத்தது.

உண்மையான இடர் அதன் பிறகுதான். புரிந்துணர்வு ஒப்பந்தத்துக்கு வியாபாரப் பதிவுச் சான்றிதழின் பிரதி கேட்டார்கள். எங்களுடையது அப்பாவின் பெயரில், அவர் காலமாகி ஆறு வருடங்களின் பின்னும் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டத்தோடு கழற்றிக் கொண்டுபோனேன். முகாமைத்துவ உதவியாளர் அதை மேசையில் வைத்து, பெயரில் விரலை ஊன்றி, "இவர் வந்து கையொப்பம் வைப்பாரா?" என்று கேட்டார். அவர் காலமாகிவிட்டார் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியென்றால் இந்த நிறுவனம் யாருடையது?" என்றார். வரி கட்டுவதும் சம்பளம் கொடுப்பதும் நான்தான் என்றாலும், அந்தக் கேள்விக்குக் காட்டுவதற்கு என்னிடம் ஒரு கடதாசி இருக்கவில்லை. அதை அவர் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம் என்ற கோபம் இன்னமும் உண்டு. நான் அன்று ஒரு நாள் உற்பத்தியை நிறுத்திவிட்டுத்தான் போயிருந்தேன். அப்பாவின் மரணச் சான்றிதழ், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், கனடாவிலிருக்கும் தங்கையின் சம்மதக் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பிரதேச செயலகத்தில் புதிய பதிவு எடுக்க இரண்டு மாதங்களுக்கு மேல் சென்றது.

புதிய பதிவோடு ஆடி மாதம் போனபோது, பல்கலைக்கழகப் பேரவையின் நிகழ்ச்சி நிரலுக்குப் பத்திரங்கள் சேர்க்கும் திகதி இரண்டு நாட்களுக்கு முன்னர் முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள். 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி நிறைவேற்று அதிகாரம் பேரவையிடம் இருப்பதால், ஒப்பந்தம் அங்கே போகாமல் ஒன்றும் நடக்காது. பேரவை கூடுவதோ மாதத்துக்கு ஒருமுறை. அடுத்த அமர்வில் அனுமதி கிடைத்தபோது மாணவர்கள் எல்லோரும் கொழும்புப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டிருந்தார்கள். எங்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த மாணவரும் கொடுப்பனவு கூடுதலாகக் கிடைக்கும் இடத்துக்கே போனார். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

உலக வங்கிக் கடனுதவியோடு 2017 இல் ஆரம்பமான அஹெட் என்ற உயர்கல்வி மேம்பாட்டுத் திட்டத்தின் பயனாக, பல்கலைக்கழகங்களைத் தொழில் நிறுவனங்களோடு இணைக்கும் வணிக இணைப்பு அலகுகள் வலுப்பெற்றன. ஆனால் நான் கண்ட அலகின் பொறுப்பாளர் முழுநேர விரிவுரையாளர். விரிவுரை நேரத்தில் அவருடைய தொலைபேசிக்குப் பதில் வராது. ஆகவே கடிதத்தைத் துறைத் தலைவருக்கு எழுதி, பிரதியை அலகுக்கு அனுப்புங்கள். பேரவையின் பத்திரத் திகதியை முதல் நாளே கேட்டு வையுங்கள். ஒப்பந்த வரைவில் ஆய்வு முடிவுகள் பல்கலைக்கழகத்துக்கு உரியவை என்று இருக்கும். உங்கள் செய்முறை இரகசியம் காக்கப்படும் என்ற வரி இல்லாவிட்டால் கேட்டுச் சேர்ப்பிக்கலாம். எங்களுக்கு மறுபேச்சில்லாமல் சேர்த்துத் தந்தார்கள். மேற்பார்வையாளரின் பட்டம் எது என்று படிவம் கேட்கும். உயர்தரத்தோடு நின்ற என்னைப் போன்றவர்கள் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால் படிவம் திரும்பி வரும். இணை மேற்பார்வையாளராக விரிவுரையாளர் ஒருவரின் பெயரை எழுதுவிக்க வேண்டும்.

மறு ஆண்டு ஆவணியில், பனம்பழக் காலம் உச்சத்தில் இருந்தபோது மாணவி வந்தார். பனங்களியின் கசப்புக்குப் பிளாபெலிபெரின் என்ற சேர்வை காரணம் என்றும், நரிஞ்சினேஸ் என்ற நொதியம் அதைக் குறைக்கும் என்றும் சொன்னார். நொதியத்தின் விலையைக் கேட்டதும் அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டோம். மூன்றாம் நாள், நான் ஜாம் துளியை, சீனிச் செறிவை அளக்கும் முறிவுமானியில் வைத்து 68 என்று வாசித்தபோது, "சேர், இந்த மானி எத்தனை பாகைக்கு?" என்று கேட்டார். உறையில் 20 பாகை என்றிருந்தது. அடுப்படியின் சூடு 34 பாகை. வெப்பத் திருத்தம் இல்லாத மானி அந்தச் சூட்டில் ஏறத்தாழ ஓர் அலகு குறைத்துக் காட்டும் என்று அட்டவணையை விரித்துக் காட்டினார். ஆக, 69 வரை காய்ச்சியபடிதான் 68 என்று இத்தனை காலம் நம்பியிருக்கிறோம். நூறு கிலோ ஜாமில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோவை ஆவியாகக் கூரைக்கு அனுப்பியிருக்கிறோம். நான் முப்பது வருடம் அந்தப் பானைக்குப் பக்கத்தில் நின்றவன். இப்போது மானிக்கு அருகில் ஒரு வெப்பமானியும், அவர் கையால் எழுதிய திருத்த அட்டவணையும் தொங்குகின்றன.

ஒப்பந்தம் மூன்றாண்டுகளுக்குச் செல்லும். இம்முறை தை மாதமே கடிதம் அனுப்பிவிட்டேன். பதிலும் உடனே வந்தது: மேற்பார்வையாளர் படிவம் மாறிவிட்டதாம், புதியதை நிரப்பி நேரில் கொண்டுவந்து தரவேண்டுமாம்.