ஒர்க் டைரி சரிபார்க்கும் வேலை: திருவொற்றியூரிலிருந்து ஓர் அனுபவம்

ஆஸ்திரேலிய லாரி ஓட்டுநர்களின் லாக் புக்கைத் திருவொற்றியூரில் உட்கார்ந்து சரிபார்க்கிறேன் என்றால் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு, என்ன படித்திருக்க வேண்டும், எவ்வளவு தருவார்கள், தங்கைக்குக் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். சம்பளத்தை எழுத மாட்டேன். மற்றதை எழுதுகிறேன்.

குயின்ஸ்லாந்து மாநிலத்தில் சரக்கு ஏற்றும் ஒரு நிறுவனத்தின் பதிவேடுகளை மாதவரத்தில் உள்ள ஒரு சிறிய அலுவலகம் பார்த்துக்கொடுக்கிறது. ஓட்டுநர்கள் தங்கள் வேலை நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் கையால் எழுதும் லாக் புக்குக்கு அங்கே ஒர்க் டைரி என்று பெயர்; அதன் பக்கங்கள் ஸ்கேன் ஆகி வரும். நாங்கள் அவற்றைக் கணினியில் ஏற்றி, சட்டப்படி ஓய்வு எடுத்திருக்கிறார்களா என்று பார்த்து, தவறியிருந்தால் குறித்து அனுப்ப வேண்டும். பி.காம். போதும். அதைவிட முக்கியம், விடியற்காலையில் எழும் பழக்கம். பிரிஸ்பேன் நமக்கு நாலரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் அங்கே ஒன்பது மணிக்குத் திறக்கும் அலுவலகம் இங்கே நாலரைக்குத் திறந்தாக வேண்டும். பால்காரர் வருவதற்கு முன்பே எங்கள் வீட்டில் விளக்கு எரியும்.

சேர்ந்ததும் நேரடியாகப் பக்கங்களைக் கொடுத்துவிட மாட்டார்கள். பயிற்சி உண்டு, பிறகு ஒரு தேர்வு. பழைய பக்கங்களின் கட்டு ஒன்றைத் தந்து, எங்கே விதி மீறப்பட்டிருக்கிறது, எங்கே மீறியது போலத் தோன்றினாலும் மீறவில்லை என்று எழுதச் சொல்வார்கள். இரண்டாவதுதான் கடினம். தேறிய பிறகே நம் பெயரில் அறிக்கை போகும்.

முதல் பாடம், யார் டைரி எழுத வேண்டும் என்பது. மொத்த எடை 12 டன்னுக்கு மேல் அனுமதிக்கப்பட்ட லாரியாக இருக்க வேண்டும்; இழுவை வண்டியும் டிரெய்லரும் சேர்ந்தால் இரண்டின் எடையையும் கூட்டிப் பார்ப்பார்கள். அந்த வண்டி தன் தளத்திலிருந்து, அதாவது வழக்கமாக வேலைக்குக் கிளம்பும் இடத்திலிருந்து, 100 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தைத் தாண்டிப் போனால் டைரி கட்டாயம். அதற்குள்ளேயே சுற்றினால், சாதாரண வேலை நேர விதியில் ஓட்டுபவருக்கு டைரி தேவையில்லை. இந்த 100 கிலோமீட்டர் சாலையில் ஓடும் தூரம் அல்ல, வரைபடத்தில் நேர்கோடு. பயிற்சி தந்தவர் டூவூம்பா ஊரை உதாரணம் காட்டினார். பிரிஸ்பேன் துறைமுகத்தின் பக்கம் தளம் இருந்தால் டூவூம்பா வட்டத்துக்கு வெளியே விழும். இப்ஸ்விச்சில் தளம் இருந்தால் உள்ளே விழும். ஒரே ஊருக்குப் போகும் லோடு, ஒருவர் டைரி எழுதுகிறார், இன்னொருவர் எழுதவில்லை, இருவரும் சரி.

எனக்கு அந்த ஊர்களெல்லாம் பெயர்களாகவே இருந்தன. வீட்டுக்கு வந்து சென்னை வரைபடத்தில் திருவொற்றியூரை நடுவாக வைத்து வட்டம் போட்டுப் பார்த்த பிறகுதான் மண்டையில் ஏறியது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், காஞ்சிபுரம் எல்லாம் உள்ளே. ஆந்திராவின் ஸ்ரீசிட்டிகூட உள்ளே, மாநில எல்லைக்கு இதில் வேலை இல்லை. ராணிப்பேட்டையும் திருப்பதியும் மயிரிழையில் வெளியே. வேலூர், நெல்லூர், புதுச்சேரி சந்தேகமே இல்லாமல் வெளியே. அப்பா நாற்பது அடி கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். வரைபடத்தைப் பார்த்து, "அப்படியானால் ஒரகடம் லோடுக்கு ஒன்றும் எழுத வேண்டாம், ராணிப்பேட்டைக்கு எழுத வேண்டும், அப்படித்தானே பாப்பா?" என்றார். அவ்வளவுதான் பாடம். பயிற்சி வகுப்பில் அதற்கு அரை நாள் எடுத்தார்கள்.

வட்டத்துக்குள் ஓடுகிறவருக்கு டைரிதான் இல்லை, ஓய்வு விதி அப்படியே உண்டு. அவர்களுடைய அன்றாட வேலை நேரம், ஓய்வு நேரம், வாரக் கூட்டுத்தொகை, வண்டி எண், சம்பளப் பதிவு, யாருக்கு எந்த ஷிப்ட் என்ற பட்டியல் எல்லாவற்றையும் நிறுவனம் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஒரு தடவை வட்டத்தைத் தாண்டியவரோ அடுத்த 28 நாளும் டைரியை வண்டியில் வைத்திருக்க வேண்டும். உள்ளூர் லோடுதானே என்று வீட்டில் வைத்துவிட்டு வந்தால், வழியில் நிறுத்திக் கேட்கும்போது பதில் சொல்ல முடியாது.

நேரக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது மனப்பாடம். தனியாக ஓட்டுபவர் 24 மணி நேரத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, தொடர்ச்சியாக 7 மணி நேரம் நின்ற வண்டியின் படுக்கையிலோ வண்டிக்கு வெளியிலோ ஓய்வெடுக்க வேண்டும். ஐந்தரை மணி நேரத்துக்குள் 15 நிமிடம், எட்டு மணி நேரத்துக்குள் 30 நிமிடம், பதினோரு மணி நேரத்துக்குள் ஒரு மணி நேரம் என இடைவெளிகள். ஏழு நாளில் 72 மணி நேரம், பதினான்கு நாளில் 144 மணி நேரம் உச்சவரம்பு. இவற்றோடு இரவு ஓய்வுக்கென்று தனிக் கணக்கு. இந்த விதிகளெல்லாம் உள்ள சட்டத்துக்குக் கனரக வாகன தேசியச் சட்டம் என்று பெயர். தேசியம் என்று சொன்னாலும் மேற்கு ஆஸ்திரேலியாவும் வடக்குப் பிரதேசமும் அதில் சேரவில்லை. அங்கே வேறு விதிகள்.

எண்கள் யாருக்கும் தடுமாறுவதில்லை. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதில்தான் தடுமாற்றம். அவர்களுடைய 24 மணி நேரம் நள்ளிரவில் தொடங்குவதில்லை. அந்த 7 மணி நேரப் பெரிய ஓய்வு முடிந்து வண்டியைத் தொட்ட கணத்திலிருந்து தொடங்குகிறது. டைரியின் பக்கமோ நாளுக்கு ஒன்று, நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. மாலை ஐந்துக்குக் கிளம்பியவரின் கணக்கை இரண்டு பக்கங்களை ஒட்டிவைத்தால்தான் பார்க்க முடியும். ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் அழகாக இருக்கும், சேர்த்துப் பார்த்தால் மனிதர் பதினான்கு மணி நேரம் வேலை செய்திருப்பார். குறுகிய கணக்குகள் இன்னும் மோசம். ஒவ்வோர் ஓய்வு முடிந்ததும் புதிதாக ஒரு ஐந்தரை மணி நேரம் தொடங்குகிறது, ஒரு எட்டு மணி நேரம் தொடங்குகிறது, ஒரு பதினோரு மணி நேரம் தொடங்குகிறது. ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் இந்தக் கணக்குகள் எல்லாவற்றிலும் அவர் தேற வேண்டும்.

இதோடு முழுமையாக்கும் விதி. வேலையை மேல் நோக்கியும் ஓய்வைக் கீழ் நோக்கியும் பதினைந்து நிமிடமாக்குவார்கள். 16 நிமிடம் வேலை செய்தால் அரை மணி. 14 நிமிடம் ஓய்வெடுத்தால் பூஜ்யம். காலை ஐந்துக்குக் கிளம்பியவர் ஒன்பது பத்துக்கு நிறுத்தி ஒன்பது இருபத்து நான்குக்கு மறுபடி ஓட்டினால், அவர் டீ குடித்தது உண்மை, ஓய்வெடுத்தது பொய். பத்தரை வரை வேறு எங்கும் நிற்காவிட்டால் விதி மீறியவர் ஆகிவிடுகிறார். டைரியில் பதினைந்து நிமிடக் கட்டம் நிரப்பப்பட்டிருக்கும், ஜிபிஎஸ் பதிவு பதினான்கு என்று சொல்லும். ஒரு நிமிடத்துக்காக ஒருவரைக் குறிக்க எனக்குக் கை வராது. ஆனால் குறித்தாக வேண்டும், இந்த வேலையில் எனக்குப் பிடிக்காத பகுதி இது.

தேர்வில் பலரை வீழ்த்தியது மோரி ஊரின் டீசல் ரசீது. மோரி, நியூ சவுத் வேல்ஸில் இருக்கிறது. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்திவிடுவார்கள். குயின்ஸ்லாந்தில் அப்படி இல்லை. ஓட்டுநரோ எங்கே போனாலும் தன் தளத்தின் நேரத்தில்தான் எழுத வேண்டும். ரசீதில் 2.40, டைரியில் 1.40. எங்கள் குழுவில் பலரும் 'பொய்ப் பதிவு' என்று எழுதிவைத்தார்கள். ஒரு மனிதரின் பிழைப்பில் கைவைக்கும் குற்றச்சாட்டு அது. அவர் செய்ததோ சட்டம் சொன்னபடி. ரசீதைப் பார்க்கும் முன் ஊரையும் மாதத்தையும் பார் என்பதை அதற்குப் பிறகு யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

எது வேலை என்பதற்கும் ஒரு பட்டியல் உண்டு. ஓட்டுவது மட்டுமல்ல. லோடு ஏற்றுவது, இறக்குவது, கயிறு கட்டுவது, டீசல் போடுவது, டயர் பார்ப்பது, வண்டி கழுவுவது எல்லாம் வேலை. என்ஜின் ஓடும்போது ஓட்டுநர் இருக்கையில் சும்மா உட்கார்ந்திருப்பதும் வேலை. பயிற்சிக் குறிப்பை வீட்டில் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். இந்த வரி வந்ததும் அப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டு, "அதை மறுபடி படி" என்றார்.

ஏன் என்று வட சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: எண்ணூர் விரைவுச் சாலையில் காசிமேட்டுப் பக்கம் வரை டிரெய்லர்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். துறைமுகக் கேட்டுக்குள் நுழையக் காத்திருப்பவர்கள் அவர்கள். வரிசை பத்து அடி நகரும், நிற்கும், மறுபடி பத்து அடி நகரும். தூங்கிவிட்டால் பின்னால் நிற்பவர் ஹார்ன் அடிப்பார், அல்லது யாராவது குறுக்கே புகுந்துவிடுவார். கழிப்பறை இல்லை, நிழல் இல்லை. இரவு முழுக்க இப்படி ஊர்ந்துவிட்டுக் காலையில் பெட்டியை இறக்கினால், உடனே மணலியில் காலிப் பெட்டி எடுக்கச் சொல்லி அலுவலகத்திலிருந்து போன் வரும். "ராத்திரி வண்டி நின்றுகொண்டுதானே இருந்தது, ஓய்வாகத்தானே இருந்தாய்?" என்பார்கள். அப்பா இதற்கு இத்தனை ஆண்டுகளாகப் பதில் சொல்லாமலே இருந்திருக்கிறார். பிரிஸ்பேன் கணக்கில் அந்த இரவு முழுக்க வேலை.

அந்தச் சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. களைத்த ஓட்டுநர் தவறு செய்தால் அவரை மட்டும் பிடிப்பதில்லை. நேரம் குறித்துக்கொடுத்தவர், சரக்கு அனுப்பியவர், ஏற்றி இறக்கும் இடத்தின் மேலாளர் எல்லோருக்கும் தத்தம் பங்குக்குக் கடமை வைத்திருக்கிறார்கள். என் அறிக்கையில் ஓட்டுநர் பெயருக்குக் கீழே, அன்று அவருக்கு அட்டவணை போட்டவர் பெயருக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அது.

நம் ஊரில் சட்டமே இல்லை என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். அது சரியல்ல. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. ஐந்து மணி நேர வேலைக்கு மேல் போகும் முன் அரை மணி ஓய்வு வேண்டும் என்றது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆவது பிரிவும் ஓட்டுநர் வேலை நேரத்துக்கு அந்தச் சட்டத்தையே கைகாட்டியது. எண்ணை மட்டும் ஒப்பிட்டால் ஆஸ்திரேலியாவின் 12 மணியைவிட நம்முடையது எவ்வளவோ இரக்கமானது. ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது வேலை செய்யும் நிறுவனங்களுக்கே அது பொருந்தியது. அப்பாவின் முதலாளியிடம் மூன்று டிரெய்லர்கள், மூன்று ஓட்டுநர்கள், கிளீனர் கிடையாது. மணலி, மாதவரம் பக்கம் இப்படி இரண்டு மூன்று வண்டி வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். பிறகு 2020-இல் நிறைவேறிய பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பழைய சட்டத்தைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. அப்பாவின் வரிசையில் ஒன்றும் மாறவில்லை.

எனவே அவருக்கு ஒரு நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்தேன். சட்டத்துக்காக அல்ல, பேட்டாவுக்காக. லோடு ஏறிய நேரம், வரிசையில் சேர்ந்த நேரம், கேட் பாஸில் உள்ள நேரம், பெட்டி இறங்கிய நேரம், படுத்த நேரம், எழுந்த நேரம். பதினைந்து நிமிடக் கணக்கெல்லாம் அவரிடம் நடக்காது, அரை மணியாக வைத்தோம். "கணக்குப்பிள்ளை வேலையும் நானே பார்க்க வேண்டுமா?" என்று முதலில் சலித்துக்கொண்டார். அலைபேசியில் பதிவு செய்யலாமே என்று தம்பி சொன்னான். எனக்கு உடன்பாடு இல்லை. காகிதம் என்றால் முதலாளியின் மேசையில் திறந்து வைக்கலாம், அலைபேசியைத் திறந்து வைத்தால் அவர் தன் அலைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

மாதக் கடைசியில் நோட்டையும் கேட் பாஸ் நகல்களையும் சேர்த்துக் கொண்டுபோனார். முதலாளி கெட்டவர் அல்ல. அவருக்கும் காத்திருப்புக் கட்டணத்தை யாரும் கொடுப்பதில்லை, தன் பார்ட்டியிடம் கேட்கக் கையில் ஆதாரம் இருந்ததில்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அதன் நகலை எடுத்துக்கொண்டார். இப்போது ஓர் இரவுக்கு மேல் வரிசையில் நின்றால் அப்பாவுக்குக் கூடுதல் பேட்டா வருகிறது, ஓர் இரவுக்குள் என்றால் வருவதில்லை. வரிசையில் விடிந்த காலையில் உடனே அடுத்த லோடு தருவதும் குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. மற்ற இரண்டு ஓட்டுநர்களும் நோட்டு கேட்டார்கள். ஒருவர் ஒழுங்காக எழுதுகிறார், மற்றவர் வாரக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து ஒரே பேனாவில் நிரப்புகிறார். பார்த்தாலே தெரிகிறது. எனக்கே தெரியும்போது முதலாளிக்குத் தெரியாதா என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு: தேர்வுக்கு முன் ஒரு வாரப் பக்கங்களைப் பென்சிலால் நீளமான ஒரே கோடாக வரைந்து பழகுங்கள், நள்ளிரவில் வெட்டாதீர்கள். ஊர்களின் நேர மண்டலத்தை ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டுங்கள். விடியற்காலை ஷிப்ட்டுக்கு வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி உண்டா, மின்வெட்டு வந்தால் அந்த நேரத்தை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று சேரும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் வாங்கியிருக்கிறேன்.