பட்டை மணக்கும் பிரெட்

போன தடவை பாலைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி ஈஸ்ட்டைக் கொன்றுவிட்டேன். மாவு கல் மாதிரி கிடந்தது. இன்று விரல் பொறுக்கும் சூடுதான். ஒரு மணி நேரத்தில் புஸ்ஸென்று இரண்டு மடங்கு!

தேய்த்து விரித்து, வெண்ணெய் தடவி, சர்க்கரையும் பட்டைத்தூளும் தாராளமாகத் தூவினேன். (பட்டையை மாவோடு சேர்த்துப் பிசைந்துவிடாதீர்கள், ஈஸ்ட் மந்தமாகிவிடும்.) சதுரமாக நறுக்கி, சீட்டுக்கட்டு போல அடுக்கி, டின்னில் நிற்கவைத்து, இன்னொரு முக்கால் மணி நேரம் உப்பவிட்டேன். அப்புறம் 180 டிகிரியில் 35 நிமிடம். மேலே சிவந்ததும் ஃபாயில் போட்டு மூடினேன், இல்லாவிட்டால் நடுவில் வேகிறதுக்குள் மேலே கருகிவிடும்.

ஆறட்டும் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனேன். திரும்பி வந்தால் ஓரத்து நாலு துண்டைக் காணோம். யாரைக் கேட்டாலும் பதில் இல்லை. எல்லார் வாயிலும் பிரெட்.