சின்ன பேட்ச்தான் மச்சான்

"சின்ன பேட்ச்தான் மச்சான், பத்தே வரி. அப்ளை பண்ணிட்டுக் கிளம்பு." வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு இப்படிச் சாட்டில் வந்தால், வீட்டுக்கு போன் போட்டுச் சாப்பாட்டை மூடி வைக்கச் சொல்லிவிடுவது உத்தமம்.

பேட்ச் என்றால் புரோகிராமில் எந்த வரி போய் எந்த வரி வர வேண்டும் என்ற பட்டியல். முதல் பேட்ச் டெர்மினல் திரையிலிருந்து காப்பி அடித்ததாக இருக்கும். அதிலேயே டேப் எல்லாம் ஸ்பேஸாகிவிடும். மாற்றத்துக்கு மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி அட்சரம் பிசகாமல் பொருந்தினால்தான், புரோகிராம் மாற்றங்களுக்குக் கணக்கு வைக்கும் கிட் மென்பொருளின் பேட்ச் ஒட்டும் கட்டளையான கிட் அப்ளை கை வைக்கும். லாரி வால் 1985-ல் எழுதிய பழைய பேட்ச் கட்டளைக்குத் தாராள மனசு. ஓரத்தில் ஒன்றிரண்டு வரி இடித்தாலும் ஒட்டிவிடும். கிட் அப்ளை அப்படியில்லை. இருபது கோப்பில் ஒன்று முரண்டு பிடித்தால் மற்ற பத்தொன்பதையும் தொடாது. 'இக்னோர் வைட்ஸ்பேஸ்' (இடைவெளி வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாதே) கொடுத்துச் சமாளிக்கலாம். ஆனால் புதிதாகச் சேரும் வரிகள் ஸ்பேஸோடுதான் உள்ளே போகும். அது டேப்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் மேக்ஃபைலாக (பில்ட் செய்முறைக் கோப்பு) இருந்தால் அடுத்த பில்டில் 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்' என்று சிரிக்கும்.

"சரி, ஃபைலா அனுப்பு." வரும். நோட்பேடில் அழகாகத் திறக்கும். கிட்டோ உள்ளே பேட்ச்சே இல்லை என்று சாதிக்கும். விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல் 5.1-ல் கிட் டிஃப் (மாற்றங்களைக் காட்டும் கட்டளை) போட்டு '>' குறியால் கோப்பில் தள்ளினால், அது கிட்டுக்குப் புரியாத யுடிஎஃப்-16 எழுத்துக் குறியீட்டுக்கு மாறிவிடும். கமிட்டை (கிட்டில் பதிந்த மாற்றத்தை) பேட்ச்சாக்கும் கிட் ஃபார்மேட்-பேட்ச் கொடுத்தால் கிட்டே கோப்பை எழுதும், இந்த வம்பு இல்லை.

மூன்றாவது கோப்பு எர்ரரே இல்லாமல் போகும். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் புரோகிராம் அப்படியே இருக்கும்! உள் ஃபோல்டரில் நின்று அடித்தால், அதற்கு வெளியே உள்ள கோப்புகளைக் கிட் அப்ளை சத்தமில்லாமல் தாண்டிவிடும். (நல்ல அரசு அலுவலகக் குணம்.) ரெப்போவின் (கிட் கணக்கு வைக்கும் கோப்புக் கிடங்கின்) வேருக்கு, அதாவது மேல் ஃபோல்டருக்குப் போய்த்தான் அடிக்க வேண்டும்.

வேருக்கு வந்து, கமிட் மெசேஜும் சேரட்டும் என்று, பேட்ச்சை ஒட்டிக் கமிட்டாகவே பதியும் கிட் ஏஎம் (am) போட்டால், தமிழில் படித்தால்தான் அது 'ஆம்', பதில் 'இல்லை'. கடைசி ஆயுதம், ஏஎம் -3. அது பேட்ச் பிறந்த பழைய கோப்பையே தேடி எடுத்து, அது, பேட்ச், நம் கோப்பு என மூன்று பக்கமும் ஒப்பிடும். அந்தப் பழைய கோப்பு நம் ரெப்போவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இருக்காது.

ஏஎம் அபார்ட் அடித்து, எல்லாவற்றையும் ரத்து செய்து மீண்டுவந்து கேட்பேன், "இதுக்கு முந்தின கமிட்டைப் பொது ரெப்போவுக்குப் புஷ் பண்ணினியா?"

"அய்யோ, மறந்துட்டேன் மச்சான். இரு, அதையும் காப்பி பண்ணிச் சாட்ல போடுறேன்."