பொடியில் எழுந்த பகவதி

கார்த்திகை பிறந்த இரண்டாம் வெள்ளிக்கிழமை, கொல்லங்கோட்டுக்கு அருகில் உள்ள ஒரு தறவாட்டின் (பழைய கூட்டுக்குடும்பத்தின்) பகவதி காவில் களமெழுத்தும் பாட்டும் நடக்கவிருப்பதாகக் கேள்விப்பட்டு, எழுபத்தாறு வயதான என் அத்தையை அழைத்துக்கொண்டு உச்சிப் பொழுதுக்கு முன்பே போய்ச் சேர்ந்தேன். ஒரு குடும்பத்துக்குச் சொந்தமான காவு, அதாவது தோப்புக் கோயில், என்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. களமெழுத்தும் பாட்டும் என்பது தெய்வத்தின் உருவத்தைத் தரையில் வண்ணப்பொடிகளால் எழுதி, அதன்முன் பாடி, இறுதியில் அதை மாய்த்துவிடும், அதாவது அழித்துவிடும், வழிபாடு. மலையாள நாட்டில் இந்த மாதத்துக்கு விருச்சிகம் என்று பெயர். சபரிமலைக்கு மாலையிட்டவர்கள் விரதமிருக்கும் இந்த 41 நாள் மண்டல காலத்தில், பாலக்காட்டுப் பக்கத்துக் காவுகள் பலவற்றில் பகவதிக்கும் ஐயப்பனுக்கும் வேட்டைக்கொருமகன் என்னும் வேட்டைத் தெய்வத்துக்கும் களம் எழுதிப் பாடுவது வழக்கம்.

அத்தை கொல்லங்கோட்டு அக்ரகாரத்தில் அறுபது ஆண்டுகளாக விடியலில் வாசல் தெளித்துக் கோலமிடுபவர். 1956 நவம்பர் 1 அன்று இந்த ஊர்கள் கேரளத்தோடு சேர்ந்தன. அதற்கு முன்பு மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தன. எல்லை எப்படி மாறினாலும் எங்கள் தெருவில் தமிழும் இழைக்கோலமும் மாறவில்லை. ஆனாலும் இத்தனை ஆண்டுகளில் அத்தை ஒரு களத்தைக்கூட முழுமையாக, தொடக்கம் முதல் மாய்ப்பது வரை, உட்கார்ந்து பார்த்ததில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தப் பயணம்.

நாங்கள் போனபோது கூறையிடல் முடிந்து, சாணமிட்டு மெழுகிய தரைக்கு மேலே செம்பட்டு விதானமாக விரிந்திருந்தது. சுற்றிலும் குருத்தோலைத் தோரணம், இடையிடையே மாவிலையும் வெற்றிலையும். உச்சிப்பாட்டு முடிந்ததும், களமெழுதுவதைக் குலத்தொழிலாகக் கொண்ட கல்லாற்றக் குறுப்பு தம் இரு சீடர்களோடு தரையில் அமர்ந்து, நடுவே நேராக ஒரு வெள்ளைக் கோடு இழுத்தார். அந்த ஒரு கோட்டிலிருந்துதான் இருபுறமும் உருவம் விரிந்தது. கையில் எழுதுகோல் இல்லை, அளவுகோல் இல்லை, பார்த்து வரைய ஒரு படமும் இல்லை. உள்ளங்கையில் அள்ளிய பொடி கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே நூல் போல் இறங்கியது. வரைந்த இடத்தை மிதிக்காமல், குந்தியபடியே பின்னோக்கி நகர்ந்தார். அத்தை அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாமும் இப்படித்தானே விடறோம்?" என்று மெல்லச் சொல்லி, மடியில் வைத்திருந்த தம் விரல்களை அறியாமலே அசைத்தார்.

களத்துக்கு ஐந்து பொடிகள். வெள்ளைக்கு அரிசி மாவு, கருப்புக்கு உமிக்கரி, மஞ்சளுக்கு மஞ்சள்பொடி, பச்சைக்கு வாகை, மஞ்சாடி போன்ற மரங்களின் இலையை உலர்த்தி இடித்துச் சலித்த தூள். சிவப்புக்கென்று தனிப் பொருள் கிடையாது, மஞ்சளோடு சுண்ணாம்பைச் சேர்த்தால் அதுவே சிவப்பாகிவிடும். ஒரு மூலையில் சிறுவன் ஒருவன் மஞ்சள்பொடியில் சுண்ணாம்பை வைத்து உள்ளங்கைகளால் தேய்த்துக்கொண்டிருந்தான். முதலில் கட்டி கட்டியாகக் காவி நிறம் திரண்டது. தேய்க்கத் தேய்க்க அது பொடியெங்கும் பரவி, குங்குமத்துக்கு நிகரான சிவப்பாக ஏறியது. "இது ஆலத்தியன்னா!" என்றார் அத்தை. உண்மைதான். மணமக்கள் வீட்டுக்குள் நுழையும்போது நாம் தாம்பாளத்தில் கரைத்துச் சுற்றும் அதே மஞ்சளும் சுண்ணாம்பும் இங்கே பகவதியின் பட்டாடையாகின்றன. பற்பொடி வருவதற்கு முன்பு வீடுதோறும் பல் துலக்கிய உமிக்கரி அவளுடைய விரிந்த கூந்தலாகிறது. தாரிகாசுரனை அழித்த பத்ரகாளியின் திருமேனிக்கு வேண்டிய யாவும் நம் அடுக்களையிலும் கொல்லைப்புறத்திலுமே கிடக்கின்றன. அன்று என் உள்ளத்தை நிறைத்தது இதுதான். இத்தனை ஆண்டுகள் இந்தப் பொருள்களைக் கையாண்டும் நான் இதை அறியாமல் இருந்திருக்கிறேன்.

இடையே சற்று ஓய்வு கிடைத்தபோது அத்தை குறுப்பின் அருகே சென்று, "மாவு நீங்களே இடிக்கறதா, மில்லில் பொடிக்கறதா?" என்று கேட்டார். இந்த நாட்டு மலையாளிகள் எங்கள் வீட்டுப் பெண்களை அழைக்கும் அதே சொல்லால், "வீட்டில் இடிச்சதுதான், அம்மியாரே. மில் மாவு சூடாகிக் கையில் ஒட்டும். இழை வராது" என்று அவர் தமிழிலேயே பதில் சொன்னார். கோலமாவைப் பற்றி அத்தை எங்களிடம் வாரம் தவறாமல் சொல்வதும் இதையேதான். இருவரும் சிறிது நேரம் பச்சரிசியை எத்தனை நாழிகை ஊற வைப்பது, சல்லடைக் கண் எவ்வளவு நுண்மையாக இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

மாலை ஆக ஆகக் களம் தரையிலிருந்து மேலெழுந்தது. மார்பகங்களுக்கு நெல்லையும் அரிசியையும் குவித்து, அதன்மேல் பொடி தூவியதால் அந்த உருவத்துக்கு உடல் வந்தது. கைகளில் வாளும் சூலமும் தாரிகனின் தலையும் தோன்றின. எல்லாம் முடிந்து, கடைசியாகக் கண்களுக்கு வெள்ளையிட்டு, நடுவில் கருமணியை வைத்தபோது சுற்றியிருந்த பெண்கள் குரவையிட்டார்கள். ஒரு கணத்துக்கு முன்புவரை பொடியாக இருந்ததை அதன்பின் அப்படிப் பார்க்க என்னால் முடியவில்லை. நான் கைகூப்பிய நேரத்தில் பலர் கைப்பேசியை நீட்டிக்கொண்டு விளக்குகளுக்கு இடையே நெருக்கினார்கள். இதை வருத்தத்தோடு சொல்கிறேன்: காற்றசைந்தால் கலையும் ஒரு திருவுருவத்தின் முன்பு, ஒரு முழத் தொலைவாவது விலகி நிற்பதே வழிபாட்டுக்கு அழகு.

இரவு எழுந்தருளிப்பு ஊர்வலம் திரும்பியதும் பூசை நடந்தது. நான்கு மூலைகளிலும் நிலவிளக்கு, இலைகளில் நெல், அரிசி, தேங்காய். குறுப்பு, இரண்டு நரம்புகள் கொண்ட நந்துணியை மீட்டியபடி, இலைத்தாளம் என்னும் கைத்தாளத்தின் துணையோடு, பகவதியைக் கேசம் முதல் பாதம் வரை பாடினார். உச்சியிலிருந்து விரல்களால் எழுதியதையெல்லாம் இப்போது குரலால் மீண்டும் ஒருமுறை எழுதினார் என்றே எனக்குத் தோன்றியது. மத்திய கேரளத்தின் முடியேற்று என்னும் கோயில் நாடகமும் இத்தகைய ஒரு காளி களத்தோடுதான் தொடங்குகிறது. அதற்கு 2010-இல் யுனெஸ்கோவின் அங்கீகாரம் கிடைத்தது. பந்தம் ஏந்திய திரியுழிச்சில் சடங்கும் முடிந்தபின் செண்டை முழங்க, செம்பட்டு உடுத்த வெளிச்சப்பாடு, அதாவது பகவதியின் அருள் வந்து ஆடுபவர், வாளும் சிலம்புமாகக் களத்தைச் சுற்றி வந்தார். தாளம் இறுகியது. அவர் களத்துக்குள் இறங்கி, ஆடியபடியே குருத்தோலைக் கற்றையால் மாய்க்கத் தொடங்கினார். பாதம் போயிற்று, பட்டாடை போயிற்று. முகம் மட்டும் சற்று நேரம் எஞ்சி நின்று, பின் அதுவும் கலந்தது. அத்தையின் கண்கள் நிறைந்திருந்தன. அவர் முந்தானையால் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

குறுப்பு தரையில் கலந்து கிடந்த பொடியை வாழையிலைத் துண்டுகளில் அள்ளிப் பிரசாதமாகக் கொடுத்தார். ஐந்து நிறமும் சேர்ந்து மண்ணின் நிறமாகியிருந்தது. மஞ்சளின் மணம் மட்டும் தனித்துத் தெரிந்தது. நெற்றியில் இட்டுக்கொண்டு, பனைமரங்களுக்கு அப்பால் நெல்லியாம்பதி மலை கருத்துக் கிடக்க, ஆட்டோ பிடித்து நள்ளிரவுக்குப் பின் வீடு திரும்பினோம்.

மறுநாள் விடியலில் வழக்கம்போல அத்தை வாசலில் கோலமிட்டார். பிறகு பூசை அறைக்கு வந்து, இலைப் பொட்டலத்தைப் பிரித்து, விளக்கின் முன்பு கால்படாது என்பதால் ஒரு சிட்டிகைப் பொடியை மாவுச் சிரட்டையில் கலந்துகொண்டு, அங்கே இடும் பத்மத்துக்கு நடுக்கோட்டை முதலில் இழுத்தார்.