அம்மாவிடம் கேட்காமல் போட்ட செயலி

அம்மாவுக்கு முதுமை மறதி நோய் தொடங்கியிருக்கிறது என்று டாக்டர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார். பெரட்டு என்பது தோட்டத்தில் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பது. பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டுவதை விட்டு இருபது வருஷம் ஆகிவிட்டது. அவர் வெட்டிய நிரை இப்போது செம்பனை.

பயந்துபோய் அவருடைய கைப்பேசியில் பராமரிப்புச் செயலி ஒன்றைப் போட்டேன். எங்கே இருக்கிறார், மாத்திரை போட்டாரா, எவ்வளவு நேரம் தூங்கினார் எல்லாம் எனக்கு வரும். ஒப்புதலுக்கு அவர் கட்டைவிரலைப் பிடித்து நானே ஒத்தினேன். கத்தி பிடித்துத் தேய்ந்த ரேகை, நாலாவது தடவைதான் ஏற்றது. எதற்கு என்று அவரிடம் சொல்லவே இல்லை.

ஒரு மாதம் கழித்து, ஞாபகசக்தி மாத்திரை விற்கும் யாரோ அம்மாவை அழைத்தார்கள். நான் சமையலறையிலிருந்து வருவதற்குள் ஐ.சி. நம்பரை, அதாவது அடையாள அட்டை எண்ணை, ஒப்பித்துக்கொண்டிருந்தார். அது மட்டும் அவருக்கு மறக்கவே இல்லை.

அன்றிரவுதான் செயலியின் தனியுரிமை அறிவிப்பைப் படித்தேன். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்பது அந்த இரண்டு மொழிகளைத்தான். வணிகக் கூட்டாளிகளுக்கும் தகவல் போகலாம் என்று ஒரு வரி. சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாகச் செயலி நிறுவனத்துக்கு எழுதினேன். "நீங்கள் யார்?" என்று பதில் வந்தது. மகள் என்பது போதாதாம். நீதிமன்றம் நியமித்தவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் அம்மாவே எழுத்துமூலம் அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. முதலில் கோபம் வந்தது. ஆனால் கேட்டது சரியான கேள்வி. நான் அவர் விரலை ஒத்திய அன்றே அதைக் கேட்டிருக்க வேண்டும்.

காலையில் தெளிவாக இருக்கும்போது அம்மாவால் இதை முடிவு செய்ய முடியும் என்றார் டாக்டர். அதனால் பத்து மணிக்கு, கோப்பி குடித்த பிறகு, ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"நீங்க எங்க இருக்கீங்கனு நான் பார்க்கலாமாம்மா?"

"பாரு. தொலைஞ்சா நீதானே தேடணும்."

"கம்பெனிக்காரங்க மத்தவங்களுக்குக் கொடுக்கலாமா?"

"அவங்களுக்கு எதுக்கு?"

"தூங்குறதை?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அதை ஏன்மா பார்க்கிற?"

மூன்று நாள் கழித்து அதையே கேட்டேன். பதில் மாறவில்லை. அதிகாரக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். தமிழில், எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். அதை இணைத்து மறுபடி அனுப்பியதும், பகிர்வை நிறுத்திவிட்டதாக எழுதினார்கள். தூக்கப் பதிவு, ஒலிவாங்கி, தொடர்பு எண்கள் மூன்றையும் அணைத்தேன். இருப்பிடத்தை மட்டும் 'எப்போதும்' என்றே விட்டிருக்கிறேன். செயலி திறந்திருக்கும்போது மட்டும் என்று வைத்தால் நாலரை மணிக்கு எச்சரிக்கை வராது.

மாதம் ஒருமுறை மறுபடி கேட்கிறேன். போன ஞாயிறு இருப்பிடத்துக்குப் பதில் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். காத்திருந்தேன். அப்புறம், "சரி, உனக்கு மட்டும்" என்றார்.