காபி சாப்பாட்டுக் கணக்கில் வருமா?

குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்திருந்தார் அவர். எட்டரை மணிக்குத் தியேட்டர். வார்டு நர்ஸான நான் காலை டியூட்டியை எடுத்துக்கொண்டதும் நேரே அவர் கட்டிலுக்குத்தான் போனேன்.

"ராத்திரிக்கு அப்புறம் ஏதாவது சாப்பிட்டீங்களாண்ணே?"

"ஒண்ணுமே சாப்பிடலம்மா."

பக்கத்தில் நின்ற அவர் மனைவியும் தலையாட்டினார். குனிந்து செருப்பை ஓரமாகத் தள்ளும்போது கட்டிலுக்கு அடியில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கண்ணில் பட்டது. அடியில் நுரை இன்னும் காயவில்லை. ஆறரை மணிக்குக் கேன்டீனில் வாங்கிய பால் காபி.

ஆபரேஷன் அன்றைக்கு நடக்கவில்லை. மயக்க மருந்து கொடுத்தால் வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விடலாம். அதனால்தான் வெறும் வயிறு. சாதாரணமாகச் சாப்பாட்டுக்கு ஆறு மணி நேரம், பச்சைத் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பார்கள். பால் கலந்த எதுவும் தண்ணீர்க் கணக்கில் வராது, சாப்பாட்டுக் கணக்குதான். மதியம் வரை காத்திருக்க சர்ஜனுக்கு நேரமில்லை. மறுநாளைக்குத் தள்ளிப் போட்டார்கள். ஒரு நாள் படுக்கை வாடகை கூடுதல்.

அவர் மேல் எனக்கு அப்போது கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் பொய் சொல்லவே இல்லை. எங்கள் மதுரைப் பக்கம் பெரும்பாலும் காபியைச் சாப்பிட மாட்டோம், குடிப்போம். தப்பாகக் கேட்டது நான்தான். இப்போதெல்லாம் இட்லி, காபி, தண்ணீர், வெற்றிலை பாக்கு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகள் சிரிக்கும். சிரிக்கட்டும்.

23 வருடமாக வார்டில் இருக்கிறேன். பாதிச் சிக்கல் நோயால் வருவதில்லை. 'இதைப் போய்ச் சொல்லணுமா' என்று ஒருவர் நினைத்து விட்டுவிடும் சின்ன விஷயத்தால் வருகிறது.

மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டால் வருகிற பதில்: "சுகருக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு, அப்புறம் வெள்ளையா சின்னதா ஒண்ணு." வெள்ளையாகச் சின்னதாக மருந்துக்கடையில் பாதி அலமாரி இருக்கிறது. அந்தச் சின்ன மாத்திரை ரத்தத்தை இளக்குவதாக இருந்தால் ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். சிலருக்கு நிறுத்தவே கூடாது. அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், அதற்கு அவருக்குப் பெயர் தெரிய வேண்டும். அட்டையைக் காட்டுங்கள் என்றால், கடையில் பத்து மாத்திரைக்காக வெட்டிக் கொடுத்த அட்டை; பெயர் இருந்த பக்கம் கடைக்காரரிடமே நின்றுவிட்டது. அதனால் படுக்கைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: பழைய சீட்டு, மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி, கஷாயம், எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்துவிடுங்கள். கஷாயத்துக்கு நாங்கள் திட்ட மாட்டோம். சரி, ஒன்றிரண்டு டாக்டர்கள் திட்டுவார்கள். திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.

கொண்டுவந்த பையை எங்களிடம் காட்டிய பிறகு, அதிலிருந்து நீங்களாக எடுத்துப் போடவும் கூடாது. ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பெரியம்மா வேர்த்து ஊற்றிக்கொண்டு, பேச்சு குழறி, கை நடுங்கிக் கிடந்தார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 48. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண்ணைத் திறந்தவர், "நீங்க குடுத்ததையும் போட்டேன், என் மாத்திரையையும் போட்டேன். வீட்டு மாத்திரையை விட்டுட்டா சுகர் ஏறிடுமே தாயி" என்றார். இரண்டும் ஒரே மருந்து, கம்பெனிதான் வேறு. நிறம் வேறு என்பதால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

டிரிப்ஸ் சீக்கிரம் முடிந்தால் தூங்கலாம் என்று குழாயில் இருக்கும் சின்னச் சக்கரத்தை உருட்டி வேகமாக்குகிற சொந்தக்காரர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: அந்த பாட்டிலில் பொட்டாசியம் கலந்திருந்தால் அது வேகமாக ஏறி இதயத்தையே நிறுத்திவிடக் கூடும். பாட்டிலைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

ராத்திரி பாத்ரூம் விஷயத்துக்கு வருகிறேன். இதில் ஆண்கள்தான் மோசம். அறுபது வயது தாண்டிய ஒருவர், ஆபரேஷன் முடிந்த முதல் ராத்திரி, மகனையும் எழுப்பாமல், மணியையும் அழுத்தாமல், டிரிப்ஸ் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். உள்ளே போய்த் தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டார். விழுந்த சத்தம் கேட்டுக் கதவைத் திறக்க வாட்ச்மேன் தோளால் முட்ட வேண்டியதாயிற்று. நெற்றியில் நாலு தையல். "சிஸ்டர் தூங்கிட்டு இருப்பீங்க, எதுக்குத் தொந்தரவுன்னுதான்..." என்று இழுத்தார். நாங்கள் தூங்குவதில்லை ஐயா, அதற்குத்தான் சம்பளம். படுத்தே கிடந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்து, ஆள் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். தாழ்ப்பாள் போடவே கூடாது. மானம் போய்விடும் என்றால், கதவைச் சாத்திவைத்து வெளியே ஆளை நிறுத்துங்கள்.

இவ்வளவு பேசுகிற நான் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தபோது என்ன செய்தேன்? வலி பத்துக்கு எத்தனை என்று நைட் சிஸ்டர் கேட்டாள். "மூணு" என்றேன். ஏழாவது இருக்கும். அவள் ஒரே ஆளாகப் பதினெட்டுப் படுக்கை பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்குத் தெரியும். விடிய விடியத் தூங்காமல், வலியில் மூச்சை இழுத்து விடாமல், மறுநாள் காய்ச்சலோடு எழுந்தேன். டாக்டர் சொன்னது எனக்கே பாடமாகத் தெரிந்த விஷயம்: வலி இருந்தால் ஆழ்ந்து மூச்சு விட முடியாது, விடாவிட்டால் சளி கட்டும்.

காசு விஷயத்தைக் காப்பீட்டுக் கவுன்டரில் அட்மிஷன் அன்றே பேசிவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் அந்த ஆஸ்பத்திரியும் அந்தச் சிகிச்சையும் திட்டத்தில் இருக்க வேண்டும், முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று அட்டையை நீட்டினால் ஒன்றும் நடக்காது. தனியார் பாலிசிக்காரர்கள் அறை வாடகை வரம்பைப் பார்க்க வேண்டும். வரம்பு 3,000 என்றிருக்க 6,000 ரூபாய் ஏசி ரூம் எடுத்தால், பல பாலிசிகளில் வாடகை மட்டுமல்ல, டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணமும் பாதிதான் கிடைக்கும். ரூம் மாறும்போது இதை யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை என்பது எனக்கும் வருத்தம்தான்.

கடைசியாக டிஸ்சார்ஜ். ஆட்டோ வாசலில் நிற்கும், பேரன் பையைத் தூக்கிவிட்டான், அப்போது நான் மாத்திரை சொல்லிக்கொண்டிருப்பேன். எதுவும் காதில் ஏறாது. அதனால் திருப்பிச் சொல்லச் சொல்வேன். ஒரு பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. அவர் பேத்தி காலை மாத்திரைக் கவரில் சூரியனும் ராத்திரிக் கவரில் நிலாவும் வரைந்து கொடுத்தாள். பாட்டி தடுமாறாமல் ஒப்பித்துவிட்டுப் போனார்.

பதினைந்து நாள் கழித்துக் காட்ட வந்தபோது என்னைத் தேடி வார்டுக்கே வந்தார். மஞ்சள் கறையோடு இரண்டு கவரையும் மேஜையில் வைத்தார்.

"சூரியன் தீர்ந்துபோச்சு தாயி. நிலாவுல இன்னும் நாலு கெடக்கு."

இரண்டிலும் பதினைந்து பதினைந்துதான் எண்ணிக் கொடுத்திருந்தேன்.

"எப்படிப் பாட்டி நாலு மிச்சம்?"

"நாடகம் பார்த்துக்கிட்டே தூங்கிப்போறேன்ல" என்றார்.